பாக்கியத்தம்மாளின் இடுப்பை ஐந்து தடவை படம் எடுத்தது

பணி ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி வைத்தால் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்று எங்கள் ஸ்கேன் சென்டரில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஓய்வு பெற்ற எனக்கு வயது முப்பத்தொன்று என்பது மட்டும்தான் சின்ன இடறல். ஒன்பது வருட வேலை. போன மாதம் சால்வை போர்த்தி அனுப்பினார்கள். சால்வை போர்த்தினால் ஓய்வுதானே. அதனால் எழுதுகிறேன். மறுபடி யாராவது வேலைக்குக் கூப்பிட்டால் ஓய்வைக் கைவிடத் தயாராக இருக்கிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு அமராவதிபுதூர். அப்பா தச்சு வேலை. வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். மதுரையில் இரண்டு வருடம் படித்து, எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கிற டெக்னீஷியன் என்று சான்றிதழ் வாங்கி வந்தேன். அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடுதிச் சாம்பாரும் எலும்புகளின் பெயர்களும்தான். படம் எடுக்கிற வேலை என்று அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்ததால் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு என்னைக் கேமராவோடு வரச் சொன்னார்கள். உள்ளே இருக்கிற எலும்பைத்தான் எடுப்பேன் என்றேன். "அப்ப மாப்பிள்ளைய எடு, அவன் எலும்பு மட்டுந்தான் இருக்கான்" என்றார் சித்தப்பா.

செக்காலை ரோட்டில் இருந்த சென்டரில் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலே ஞானசேகரன் சார். தலைமை டெக்னீஷியனும் அவரே, மேனேஜரும் அவரே. அவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கற்றதில் பாதி அவரிடமிருந்து வந்தது.

ஞானசேகரன் சார் கதவு நிலையில்தான் நிற்பார். ஒரு கால் ஸ்கேன் அறைக்குள், ஒரு கால் வராந்தாவில். எந்தப் பக்கம் பிரச்சினை வந்தாலும் அடுத்த பக்கம் போய்விட வசதியான நிலை. கம்ப்யூட்டரில் வருகிற படத்தை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். "பன்னெண்டு நிமிசம். நல்ல படம்" என்பார். பதினெட்டு நிமிடம் ஆனால் அது மோசமான படம். நோயாளி அசைந்தாலும், மிஷின் நின்றாலும், உறவினர் சண்டைக்கு வந்தாலும் அவரிடம் ஒரே மருந்து: "ஏசியக் கூட்டி வை."

சேர்ந்த முதல் வாரம் நான் ஒரு முழங்கால் படத்தைக் காட்டி, "சார், இங்க ஏதோ கிழிஞ்ச மாதிரி இருக்கு" என்றேன். உற்சாகத்தில் சொன்னதுதான். அவர் முதல் தடவையாக இரண்டு கால்களையும் உள்ளே வைத்தார்.

"குமரேசா, ஒன் வேலை என்ன?"

"படம் எடுக்கிறது சார்."

"படத்துல என்ன இருக்குன்னு பாக்குறது?"

நான் முழங்கால் படத்தைத் திரையிலிருந்து மூடினேன்.

"அது டாக்டர் வேலை. ஜனங்க கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. 'ரிப்போர்ட் வரும்'னு சொல்லு. அவ்வளவுதான். வாயத் தொறந்தா சென்டரை மூட வேண்டியதுதான்."

டாக்டர் மதுரையில் இருந்தார். இன்டர்நெட் வழியாக ஏழு ஊர்ப் படங்களை அவர் ஒருவரே படித்து ரிப்போர்ட் எழுதினார். ஒரு ஆள் ஏழு ஊர்ச் சோற்றைத் தின்ன முடியுமா என்று கேட்கக் கூடாது. அவர் ருசி மட்டும் பார்த்தார். அதற்கென்று முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்த பத்திகள் இருந்தன. அறுபது வயதுக்கு மேல் இடுப்பு வலி என்றால் "வயதுக்கேற்ற தேய்மானம்". முதுகு என்றால் "வட்டு லேசாகப் பிதுங்கியுள்ளது". உண்மையைச் சொன்னால், இந்த இரண்டு பத்திகளும் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. அதுதான் ஆபத்து.

இனி பாக்கியத்தம்மாள்.

கோட்டையூர்ப் பக்கம் வயலும் மாடும் உள்ள குடும்பம். அறுபத்திரண்டு வயது. மகன் செந்தில் ஹாலோ பிளாக் கல் அறுக்கிற பட்டறை வைத்திருந்தார். அவர்தான் முதல் தடவை அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். பத்து நாளாக இடுப்பு வலி, விழவில்லை, அடிபடவில்லை, சும்மா நடக்கும்போதே வந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எழுதியிருந்தார்.

படிவத்தில் "முன்பு ஏதேனும் நோய் இருந்ததா?" என்று ஒரு கேள்வி உண்டு. செந்தில் "இல்லை" என்று எழுதினார். எங்கள் படிவங்களை நம்பினால் காரைக்குடி வட்டாரத்தில் யாருக்கும் முன்பு எந்த நோயும் வந்ததே கிடையாது. எல்லோரும் நேற்றுவரை கல் மாதிரி இருந்து இன்று காலைதான் முதல் தடவையாக வலியை அறிந்தவர்கள்.

எக்ஸ்ரே மேஜையில் அவரைப் படுக்க வைத்தபோது இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு இருந்தது. அதில் உள்ளங்கை அகலத்துக்குச் செப்புத் தகடு, மந்திரித்துச் சுருட்டாமல் தட்டையாகக் கட்டியது. இடுப்பு வலிக்கு இடுப்பிலேயே கட்டியிருந்தார்கள். இடத்தைப் பொறுத்தவரை எங்கள் சென்டரைவிடச் சரியான கணிப்பு.

"அம்மா, கயித்தக் கழட்டணும். உலோகம் இருந்தா படத்துல மறைக்கும்."

"மண்டலம் முடியலப்பா. நாப்பத்தெட்டு நாளைக்குக் கழட்டக் கூடாதுன்னு கோயில்ல சொன்னாக. இன்னைக்கு ஒம்பதாவது நாளு."

"அஞ்சு நிமிசந்தான்மா."

"சாமிக்கு நீ நிமிசக் கணக்குச் சொல்லுவியா?"

கழற்றித்தான் ஆக வேண்டும் என்று உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எட்டு வருடம் ஆகியும் எனக்குக் கூச்சம் போகவில்லை. அம்மா வயதுள்ள ஒருவரிடம் இடுப்புக் கயிற்றைப் பற்றி இரண்டாம் தடவை பேச நாக்கு எழவில்லை. வலி பின்பக்கம்தானே என்று கயிற்றைச் சுற்றி இழுத்துத் தகட்டை முன்பக்கம் தள்ளச் சொன்னேன். அவரும் தள்ளினார். படம் எடுத்தேன். முன்னிடுப்பு எலும்பின் மேல் ஒரு வெள்ளைச் சதுரம் பளிச்சென்று விழுந்தது. கடிகாரம் பார்த்த ஞானசேகரன் சார், "நாலு நிமிசம். நல்ல படம்" என்றார்.

ரிப்போர்ட்: வயதுக்கேற்ற தேய்மானம். எலும்பு டாக்டர் வாயு என்று சொல்லி, தினமும் நன்றாக நடக்கச் சொல்லிவிட்டார். பாக்கியத்தம்மாள் சொன்னதைச் செய்கிறவர். காலையில் ஒரு மைல், மாலையில் ஒரு மைல், பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

ஏழு வாரம் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை நடந்து வரவில்லை. செந்திலும் ஆட்டோக்காரரும் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். மண்டலம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்ததால் கயிறு இல்லை. எழுதி வந்தது முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். முதுகுத்தண்டு படம் என்றால் கீழ் முதுகிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, முதுகெலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் நிறுத்திவிடுவோம். அங்கே சேக்ரம் என்று முக்கோணமாக ஒரு எலும்பு இருக்கிறது. உட்கார்ந்தால், நின்றால், மேலே உள்ள மொத்த உடம்பின் பாரமும் அதில் இறங்கித்தான் இரண்டு இடுப்புக்கும் பிரியும். அந்த எலும்பின் இரண்டு இறக்கைகளும் முதுகுத்தண்டு படத்தில் சரியாக விழாது. அளவு பிடிப்பதற்காக முதலில் ஒரு மங்கலான படம் எடுப்போம், அதில் மட்டும் ஓரமாகத் தெரியும். அதை யாரும் ரிப்போர்ட் செய்வதில்லை.

அந்த மங்கல் படத்தின் ஓரத்தில் சேக்ரத்தின் இடது இறக்கை நிறம் மாறித் தெரிந்தது. எலும்புக்குள் நீர் கோத்தால் அப்படித் தெரியும்.

"சார், கீழ இடுப்பையும் சேத்து ஒரு வரிசை எடுத்துரட்டுமா? ஆறு நிமிசம் ஆகும்."

"எழுதியிருக்கிறது என்ன?"

"முதுகு சார்."

"முதுகு எடு. தோசை கேட்டவனுக்கு இட்லி வைக்கலாமா?"

"இல்ல சார், தோசை கருகிற மாதிரி..."

"ஏசியக் கூட்டி வை."

ரிப்போர்ட்: வட்டு லேசாகப் பிதுங்கியுள்ளது. பெல்ட் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

மூன்றாவது தடவை ஒரு மாதத்தில் வந்தார். இம்முறை அவரோடு நாத்தனார் வள்ளிமயில். அண்ணன் பெண்டாட்டிக்குத் துணை வந்தேன் என்று சொன்னாலும், இருபது வருடமாகச் சரியாகப் பேசிக்கொள்ளாதவர்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. அத்தனை அக்கறையாகப் பேசினார்கள். இந்தத் தடவை எழுதி வந்தது முழு இடுப்பு எம்.ஆர்.ஐ. உடை மாற்றும் அறை வாசலில் நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். உடம்பில் கம்பி, பிளேட் உண்டா? இல்லை. ஆபரேஷன்? இல்லை.

உள்ளிருந்து வள்ளிமயில் குரல் கொடுத்தார்: "அதான் மதினி, நாலு வருசத்துக்கு முன்னாடி கரண்ட் வச்சாகளே, அதச் சொல்ல வேணாமா?"

செந்தில் என் கையைப் பிடித்து ஒதுக்கமாக இழுத்தார்.

"தம்பி, கர்ப்பப்பையில கட்டி இருந்துச்சு. மதுரையில கரண்ட் வச்சுக் கரைச்சுட்டாக. முழுசாச் சரியாப் போச்சு. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குறோம்... அந்த வியாதி பேரு வெளிய வந்தா ஒருத்தனும் வாசப்படி ஏற மாட்டான். அதான் எழுதல."

புற்றுநோய்க்குக் கதிர் வைப்பதைத்தான் எங்கள் ஊரில் கரண்ட் வைப்பது என்பார்கள். நான் படிவத்தை எடுத்து, "இல்லை" என்பதை அடித்து, கரண்ட் வைத்ததை எழுதினேன்.

படம் எடுத்தேன். இருபத்திரண்டு நிமிடம். சேக்ரத்தின் இரண்டு இறக்கைகளிலும் மேலிருந்து கீழாக வெள்ளைப் பட்டை, நடுவில் இரண்டையும் இணைத்துக் குறுக்காக இன்னொன்று. முன்னிடுப்பிலும் ஒரு வெளுப்பு. மறுநாள் ரிப்போர்ட் வந்தது: பழைய புற்று இடுப்பு எலும்புகளில் பல இடங்களில் பரவியுள்ளது.

நோய் வரலாறு தெரியாதவரை அந்த அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. தெரிந்ததும் எல்லாமே அதுதான். நடுவில் ஒரு இடம் இருக்கக்கூடும் என்பதற்குத் தட்டச்சு செய்து வைத்த பத்தி எதுவும் இல்லை.

ரிப்போர்ட்டை வாங்க வந்த செந்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெளிப் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் பேசினார். பிறகு என்னிடம் வந்தார். "திங்கக்கிழமை மதுரைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாக தம்பி. மறுபடி கரண்ட் வைக்கணுமாம். ஆத்தாளுக்கு இன்னும் சொல்லல. இதுல வேற ஏதாவது இருக்குமா?"

"ரிப்போர்ட்ல இருக்கிறதுதான்ணே" என்றேன். ஒன்பது வருடத்தில் நான் சொன்னவற்றிலேயே கேவலமான வாக்கியம் அதுதான்.

அவர் போன பிறகு மதியச் சாப்பாட்டு நேரம். ஞானசேகரன் சார் வீட்டுக்குப் போயிருந்தார். நான் டிபன் டப்பாவைத் திறக்காமல் மூன்று படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எடுத்தவன் நானேதான், ஆனாலும் சேர்த்து வைத்துப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. எங்கள் தொழிலில் ஒவ்வொரு படமும் அனாதை.

முதலில் மூன்றாவது படம். இறக்கைகளில் இருந்த இரண்டு பட்டைகளும் நேர்கோடு. இடது, வலது இரண்டும் ஒரே உயரம், ஒரே சாய்வு. நடுவில் குறுக்குச் சட்டம். அப்பாவின் தச்சு வேலை நடக்கிற இடத்தில் வளர்ந்தவன் நான், நேராக இருப்பதற்கும் நேராக இல்லாததற்கும் வித்தியாசம் தெரியும். பரவுகிற புற்று கறையான் மாதிரி, நினைத்த இடத்தில் தின்னும். மட்டம் பார்த்து, இரண்டு பக்கமும் அளவெடுத்து வராது. பாரம் இறங்குகிற பாதையிலேயே இப்படி விழுவது முறிவுதான். கரண்ட் வைத்ததில் பலம் குறைந்த எலும்பு, உடம்புப் பாரத்தையே தாங்காமல் விரிந்திருக்கிறது. கல்லூரிப் புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு படம் போட்டு, பரீட்சைக்கு வராது என்று வாத்தியார் தாண்டிப் போனது ஞாபகம் வந்தது.

இரண்டாவது படத்தின் ஓரத்தில் இடது இறக்கை மட்டும் நிறம் மாறியிருந்தது. வலது சுத்தம். ஆக, முதலில் ஒரு பக்கம் விரிந்து, பெல்ட் போட்டு உலவியதில் அடுத்த பக்கமும் விரிந்திருக்கிறது.

பிறகு முதல் எக்ஸ்ரே. அந்த வெள்ளைச் சதுரத்தைப் பெரிதாக்கினேன். தகட்டின் ஒரு ஓரத்தில் ஒரு மயிரிழைக் கோடு உள்ளே போனது. மறு ஓரத்தில் வெளியே வந்தது. நடுவில் இருந்தது நான் தள்ளச் சொன்ன தகடு. அன்றைக்கே முன்னிடுப்பில் விரிசல் இருந்திருக்கிறது. சாமியின் தகட்டை வைத்து அதை டாக்டரின் கண்ணிலிருந்து மறைத்தது என்னுடைய கூச்சம். அதற்கு மேல் அந்த அம்மா ஏழு வாரம் நடந்திருக்கிறார்.

டிபன் டப்பாவைத் திரும்பப் பையில் வைத்தேன்.

இப்போது என்ன செய்வது? செந்திலிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்லித் தவறாகிவிட்டால்? டாக்டருக்குப் போன் செய்ய எனக்குத் தகுதி இல்லை, எங்கள் சென்டரில் அவர் எண் ஞானசேகரன் சாரிடம் மட்டும்தான் இருந்தது. ஆனால் படம் அனுப்புகிற கம்ப்யூட்டர்த் திரையின் அடியில் ஒரு சின்னக் கட்டம் உண்டு: "பழைய படங்களோடு ஒப்பிடுக." நான் சேர்ந்த நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. தொட்டால் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதாமல் ரிப்போர்ட்டை முடிக்க விடாது. டாக்டருக்கு வேலை கூடும், ஒரு நாள் தாமதமாகும். ரிப்போர்ட் முடிந்த பிறகு தொட்டால், முடிந்ததே திறந்துகொண்டு மறுபடி டாக்டர் முன்னால் போய் நிற்கும்.

மூன்று படங்களையும் தேதி போட்டு ஒரே தாளாக்கினேன். எக்ஸ்ரேயில் கோடு உள்ளே போகிற இடத்திலும் வெளியே வருகிற இடத்திலும் அம்புக்குறி வைத்தேன். தகடு இருந்ததன் காரணத்தையும் என் பெயரையும் எழுதினேன். கட்டத்தில் டிக் அடித்தேன்.

கால் மணி நேரத்தில் சென்டர் போன் அடித்தது. மதுரை டாக்டர்.

"யார் அந்தக் கட்டத்தை டிக் பண்ணது?"

"நான்தான் சார். குமரேசன், டெக்னீஷியன்."

"ஏன்?"

"கட்டம் இருந்துச்சு சார்."

"இருந்தா? லிஃப்ட்ல எமர்ஜென்சி பட்டன்கூட இருக்கு, தினம் அழுத்துவியா? எனக்கு இன்னும் எத்தனை படம் பாக்கி கிடக்கு தெரியுமா?"

"சார், திறந்தது திறந்துருச்சு. பாத்துட்டு மூடிருங்க சார்."

திட்டுவதற்காக அவர் மூச்சை இழுத்தது கேட்டது. மூச்சு வெளியே வரவில்லை. மவுஸ் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. தட்டு. தட்டு. வெகுநேரம்.

"அந்த எக்ஸ்ரேல இருக்கிறது என்ன, தாயத்தா?"

"செப்புத் தகடு சார். கழட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதது என் தப்பு."

"ம்." மறுபடி மவுஸ். பிறகு அவர் குரல் மாறியிருந்தது. "நான் மூணையும் தனித்தனியாப் பார்த்தேன்ப்பா. மூணையும் நான்தான் பார்த்திருக்கேன்."

அவரைத் தேற்றுகிற அளவுக்கு எனக்குச் சம்பளம் இல்லை.

"நாளைக்கே மெல்லிசா வெட்டி சி.டி. எடு. எலும்பு ஒடஞ்ச கோடு தெரியணும். திங்கக்கிழமை அவங்க கரண்டுக்குப் போகக் கூடாது. பலம் போன எலும்புல மறுபடி வச்சா ஒண்ணுமில்லாம ஆயிரும். நீ உடனே சொல்லிரு."

"நான் ஜனங்ககிட்டப் பேசக் கூடாது சார்."

"யார் சொன்னது?"

"ஞானசேகரன் சார்."

ஒரு பெருமூச்சு. "நம்பரக் குடு. நானே பேசுறேன்."

மறுநாள் எடுத்த சி.டி.யில் விரிசல் கோடுகள் கத்தியால் கீறியது போலத் தெளிவாகத் தெரிந்தன. எலும்பை எதுவும் தின்றிருக்கவில்லை. டாக்டர் மதுரைப் புற்றுநோய் மருத்துவரிடம் தானே பேசினார். பழைய ரிப்போர்ட்டை நீக்கி, பலம் குறைந்த எலும்பில் பாரத்தால் வந்த முறிவு, புற்று அல்ல, ஆறு மாதத்தில் மறுபடி படம் எடுத்து ஒப்பிடவும் என்று புதிதாக எழுதினார். எந்தப் பத்தியிலிருந்தும் எடுக்காமல், சொந்தமாக, இரண்டு எழுத்துப் பிழையோடு.

பாக்கியத்தம்மாளிடம் நான் தகட்டு விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சி.டி. மேஜையில் படுத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ சொன்னா மட்டும் கழட்டியிருப்பேனாக்கும்? போப்பா அங்குட்டு. கூச்சப்படுறவன் இந்த வேலைக்கு வரலாமா? அடுத்து வர்றவ கயிறு கட்டியிருந்தா அதட்டிக் கழட்டச் சொல்லு."

அதற்குப் பிறகு ஓய்வு, ஊன்றி நடக்கும் வாக்கர், எலும்புக்கு மருந்து. சென்டரில் வேறு முன்னேற்றங்கள் நடந்தன. வாசலில் ஃபிளக்ஸ் வைத்தார்கள்: "இடுப்பெலும்புக் கண்காணிப்புத் திட்டம். ஐந்து படங்கள், ஒரே இடத்தில்." ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கடற்கரையில் ஓடுகிற படம். ஐந்தில் மூன்று படங்கள் எதையும் கண்காணிக்காத படங்கள் என்பது ஃபிளக்ஸில் இல்லை. ஞானசேகரன் சார் சாஃப்ட்வேர்க் கம்பெனிக்கு எழுதி, அந்தக் கட்டம் கை தவறிப் பட்டுவிடுகிற இடத்தில் இருப்பதால் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பாக்கியத்தம்மாள் ஐந்தாவது படத்துக்கு வாக்கர் இல்லாமல் வந்தார். கோடுகள் இருந்த இடத்தில் வெள்ளையாகத் தழும்பு கட்டியிருந்தது, பூசி அடைத்த சுவர் மாதிரி. டாக்டர் ரிப்போர்ட்டும் அதையே சொன்னது. நடக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போகாமல் என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, இதுல எழுதியிருக்கிறதத் தமிழ்ல எழுதிக் குடு."

"எதுக்கும்மா?"

"பழைய வியாதி திரும்பிருச்சுன்னு சொன்னது எனக்குத் தெரியாதுன்னு செந்திலு நெனச்சுக்கிட்டு இருந்தான். பெத்தவளுக்குத் தெரியாதா? சாகப் போறோம்னு தெரிஞ்சுதான் அன்னைக்கு ராத்திரியே இருக்கிறதப் பிரிச்சுக் குடுத்தேன். மகளுக்குத் தோடு. மருமகளுக்கு அண்டா. அதெல்லாம் வீட்டுக்குள்ள கெடக்கு, போகட்டும். என் மாட்ட வள்ளிமயிலுக்குக் குடுத்துட்டேன்."

"அவங்களுக்கா? நீங்க ரெண்டு பேரும்..."

"சாகப் போற நேரத்துல பகை எதுக்குன்னு குடுத்தேன். இப்பச் சாகலையே! திருப்பிக் கேட்டா, 'நீ சாக மாட்டேன்னு எந்தப் பேப்பர்ல இருக்கு? இங்கிலீசுல என்னத்தையோ காட்டுறீக'ங்குறா. ஈத்துக்கு நிக்கிற மாடுப்பா. நான் கண்ணுக்குள்ள வச்சு வளத்தது."

எனக்குத் தெரியும், எழுதக் கூடாது. ஆனால் முன்பு ஒரு தடவை "ரிப்போர்ட்டில் இருப்பதுதான்" என்று சொல்லித் தப்பித்தவன் நான். இப்போது ரிப்போர்ட்டில் இருப்பது உண்மை, அதை அவர் மொழியில் சொல்லத்தான் ஆள் இல்லை. சென்டர் பெயர் அச்சடித்த தாளை எடுத்து எழுதினேன்: பாக்கியத்தம்மாளின் இடுப்பெலும்பில் வந்தது விரிசல். முன்பு வைத்த கரண்டினால் எலும்பு பலம் குறைந்து விரிந்தது. படங்களை ஒப்பிட்டதில் விரிசல் ஆறிவிட்டது. பழைய நோய் திரும்பவில்லை என்று டாக்டரின் அறிக்கை கூறுகிறது. இப்படிக்கு, படம் எடுத்த டெக்னீஷியன், மு. குமரேசன்.

அவர் அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு வள்ளிமயில் தாளில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். எடுத்தது ஞானசேகரன் சார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற பழக்கம் அவருக்கு.

"உங்க ஆபீசுல இருந்து ஒரு பேப்பர் வந்திருக்கு. எங்க மதினி சாக மாட்டாகன்னு எழுதியிருக்கீக."

"யாரும்மா? என்ன பேப்பர்?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. எத்தன வருசத்துக்குச் சாக மாட்டாகன்னுதான் போடல. அதையும் எழுதி முத்திரை வச்சுக் குடுங்க, மாட்டத் திருப்பிக் குடுக்கிறேன். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் மாட்ட மறுபடி யாருகிட்டப் போயி வாங்குறது?"

ஞானசேகரன் சார் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. உண்மையிலேயே வருத்தமாக இருந்தார்.

"டாக்டருக்கே ரிப்போர்ட் எழுத ஆறு வருசப் படிப்பு, அதுக்கு மேல மூணு வருசம். நீ ஒரு தாள்ல முடிச்சுட்ட."

"நான் புதுசா ஒண்ணும் எழுதல சார். அவர் எழுதினதத்தான்..."

"தெரியும்டா. அதத் தமிழ்ல எழுதுனதுதான் தப்பு. இங்கிலீசுல இருந்தா யாரும் போன் பண்ணியிருக்க மாட்டாக."

மதியத்துக்குள் முதலாளியிடம் பேசிவிட்டார். வேலையை விட்டு நீக்கினால் பேர் கெட்டுப்போகும், ஆகவே விலகுவதாக நானே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், சால்வை உண்டு. எழுதிக் கொடுத்தேன். "ஒன்பது ஆண்டுகள் அயராது உழைத்து ஓய்வு பெறும் தம்பி" என்று அவர் பேசினார். வராந்தாவில் ஒரு கால், உள்ளே ஒரு கால்.

சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது செந்தில் போன் செய்தார். பதறிப்போய்ப் பேசினார்.

"தம்பி, ஆத்தா நடக்கலாமா, நடக்கக் கூடாதா? எம்புட்டுத் தூரம்னு டாக்டர் சொன்னாரா?"

"கொஞ்சம் கொஞ்சமா நடக்கலாம்ணே. ஏன்?"

"அத்தை வீட்டுக்கு நடந்தே போயிருக்கு. போறது ரெண்டு மைலு. அத்தை வாசல்ல நின்னு ஏதோ பேப்பரு, முத்திரைன்னு பேசிக்கிட்டு இருக்கையிலேயே தொழுவத்துல பூந்து மாட்ட அவுத்துக்கிட்டு வந்துருச்சு. அதையும் ஓட்டிக்கிட்டு ரெண்டு மைலு. இப்பத்தான் வந்து நிக்கிது."

நான்கு மைல்.

"அம்மாவுக்கு இடுப்பு வலிக்குதாண்ணே? கேளுங்க."

அவர் போனை எடுத்துக்கொண்டு நடக்கிற சத்தம், ஏதோ கேட்கிற சத்தம், அந்த அம்மா திட்டுகிற சத்தம். திரும்பி வந்தார்.

"ஆத்தாளுக்கு ஒண்ணும் வலிக்கலையாம் தம்பி. மாட்டுக்குத்தான் மூச்சு வாங்குது."